பனைமரத்தில் மூன்றாவது பந்து

எங்கள் ஆலையின் கோல்ஃப் கிளப்பில் இந்த ஆண்டு பெண்கள் சிலர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக விளையாட்டின் அடிப்படை விதிகளையும் கணக்கு எழுதும் முறையையும் ஒரே பக்கத்தில் எழுதித் தரும்படி இப்போதைய செயலாளர் கேட்டார். ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவளுக்கு இது பெரிய வேலையா என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்து உட்கார்ந்தேன். முதல் சில விதிகள் கடகடவென்று வந்தன. தொலைந்த பந்தைப் பற்றிய விதி வந்ததும் பேனா நின்றுவிட்டது. அதை ஒரு வரியில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஒரு பக்கம் கேட்டவருக்கு இதைக் கொடுக்கிறேன்.

நான் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் மகள். தட்டச்சு படித்துவிட்டு ஆற்றங்கரை நூற்பாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆலைக்குச் சொந்தமாக ஒன்பது குழிகள் கொண்ட சிறிய மைதானம் இருந்தது. ஒரு பக்கம் தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் கால்வாய். மறுபக்கம் பனை வரிசை. மற்ற ஊர்களில் குழியைச் சுற்றிப் பச்சைப் புல் இருக்கும். எங்களிடம் அந்த அளவுக்குத் தண்ணீர் இல்லை. எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி, பலகையால் இழுத்துச் சமன் செய்து வைப்பார்கள். பந்து அதன்மேல் உருண்டால் கோடு போட்டதுபோல் தடம் விழும்.

கிளப் அலுவலகத்தில் இருந்தவர் மாறுதலாகிப் போனதும் என்னை அங்கே அனுப்பினார்கள். அதுவரை கோல்ஃப் பந்தை நான் தொட்டதுகூட இல்லை. முட்டை மாதிரி லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கையில் வாங்கியபோது கூழாங்கல் மாதிரி கனத்தது.

அப்போது செயலாளராக இருந்தவர் ஃபெர்னாண்டோ சார். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். அவருடைய அப்பா தோணி ஓட்டியவர். இவர் ஆலையில் பொறியாளர். மைதானத்தில் விதி நடுவரும் அவர்தான். முதல் நாள் என்னை மைதானத்தைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போனார்.

"இதுல மூணே காரியம்தான் ஜெயராணி. பந்து கிடந்த இடத்துல கிடந்தபடி அடிக்கணும். குழியில விழுற வரைக்கும் எத்தனை அடின்னு எண்ணணும். எண்ணுனதை உள்ளபடி சொல்லணும். மூணாவதுதான் கஷ்டம்" என்றார்.

மற்றதெல்லாம் இந்த மூன்றிலிருந்து கிளைத்தவைதான். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் பந்தைப் போட வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. அதற்குப் பெயர் பார். பார் நான்கு உள்ள குழியில் நான்கே அடியில் போட்டால் அது பார். மூன்றில் போட்டால் பேர்டி, ஐந்து ஆகிவிட்டால் போகி. எங்கள் மைதானம் சின்னது என்பதால் போட்டிகளில் அதையே இரண்டு சுற்று ஆடிப் பதினெட்டுக் குழிகளாகக் கணக்கிடுவோம். கடைசியில் கூட்டினால் யாருடைய எண் குறைவோ அவருக்கு வெற்றி. தண்ணீரில் போட்டால், அடிக்க முடியாத இடத்திலிருந்து பந்தை எடுத்து வைத்தால், கணக்கில் ஒரு தண்ட அடி ஏறும். ஒருவருடைய அட்டையை அவருடன் ஆடும் இன்னொருவர் எழுதுவார். முடிவில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியவர் தவறினாலும் ஒவ்வொரு குழிக்கும் உள்ள எண் சரியா என்று பார்க்கும் பொறுப்பு ஆடியவருடையது. உள்ளதைவிடக் குறைத்து எழுதிய எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் அவர் போட்டியிலிருந்தே விலக்கப்படுவார்.

ஃபெர்னாண்டோ சார் தீர்ப்புச் சொல்லும் விதத்தைப் பார்த்துத்தான் நான் இந்த வேலையைக் கற்றேன். தகராறு என்று யாராவது கூப்பிட்டால் ஓட மாட்டார், பைய நடந்துதான் போவார். அந்த இடத்துக்கு வந்ததும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார். நடுவர் கையை நீட்டிப் பேசினால் எதிரே நிற்பவருக்குக் குற்றம் சாட்டுவதாகத் தோன்றும் என்பார். பிறகு மூன்று கேள்விகள் கேட்பார். பந்து எங்கே கிடந்தது? இப்போது எங்கே இருக்கிறது? யார் பார்த்தது? ஆடுகிறவரின் கணக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்கவே மாட்டார். "ஸ்கோரைக் கேட்டா மனசு கூட்டிக் கழிக்க ஆரம்பிச்சிரும்" என்பார். தீர்ப்பை ஒரே வாக்கியத்தில், ஆடுகிறவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்வார். காரணம் கேட்டால்தான் காரணம்.

ஒருமுறை ஆலையின் பெரிய மேலாளர் அடித்த பந்து, டிராக்டர் போன தடத்துக்குள் இறங்கிவிட்டது. ஃபெர்னாண்டோ சாருக்கு மேலதிகாரி அவர்.

"கொஞ்சம் நகத்தி வச்சிக்கிடலாமா ஃபெர்னாண்டோ?"

"கிடந்தபடிதான் அடிக்கணும் சார்."

"தடத்துக்குள்ள கிடக்கதை எப்படிவே அடிக்க?"

"எடுத்து வச்சு அடிக்கவும் வழி இருக்கு சார். ஒரு அடி கூடச் சேத்துக்கிடணும்."

மேலாளர் பையிலிருந்து வேறொரு மட்டையை எடுத்தார். பிறகு தடத்திலேயே அடித்தார். மண் பறந்தது, பந்து நகரவில்லை. மறுபடி அடித்தபோதுதான் வெளியே வந்தது. குழியில் போட்டு முடித்ததும் அட்டை எழுதுபவரிடம் தன் கணக்கைச் சொன்னார். வீணாய்ப் போன அடியும் அதில் இருந்தது. தீர்ப்பை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்ளாதபடி சொல்ல முடியும் என்று அன்றுதான் கண்டேன்.

ஃபெர்னாண்டோ சார் ஓய்வுபெறும்போது நான் விதித் தேர்வு எழுதித் தேறியிருந்தேன். நடுவர் பொறுப்பு என்னிடம் வந்தது. விதிகளும் மாறிக்கொண்டே இருந்தன. பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு அதை மூன்றாகக் குறைத்தார்கள்.

இனிச் செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழிகளைச் சுற்றியுள்ள மணலைப் பலகையால் இழுத்துச் சமன் செய்வது அவள் வேலை. இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் பஸ் கண்டக்டர். மதிய இடைவேளையில், உடைந்த மட்டை ஒன்றை வைத்துக்கொண்டு அவள் பந்தைக் குழிக்குள் தட்டிவிடுவதை அலுவலக ஜன்னலிலிருந்து பார்ப்பேன். பத்துக்கு எட்டு விழும். மணல் எந்தப் பக்கம் சரிகிறது என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. மைதானம் மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில் பணியாளர்களும் ஆட அனுமதிக்க வேண்டும், கிளப் போட்டிகளில் அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று நான் கிளப் நிர்வாகக் குழுவில் கேட்டேன்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி எழுந்தார். அரிசி ஆலை வைத்திருப்பவர், பழைய உறுப்பினர்.

"ஆடட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா இந்த ஆட்டத்துல ஒவ்வொருத்தன் பின்னாலயும் நின்னு பாக்க ஆள் கிடையாது. நம்பித்தான் ஆடணும். விதி தெரியாதவங்களை எதை வச்சு நம்ப?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேள்வி கெட்ட எண்ணத்தில் வந்ததல்ல. ஓர் ஆண்டு பார்ப்போம் என்று குழு ஒத்துக்கொண்டது.

செல்வி தன் முதல் போட்டியை முடித்துவிட்டு வீட்டுக்குப் போன கதையை மறுநாள் என்னிடம் சொன்னாள். அவளுடைய கணக்கு நூற்றுப் பன்னிரண்டு, உடன் ஆடிய டாக்டரம்மாவுடையது எண்பத்தைந்து. கணவர் கேட்டுவிட்டு, "அப்போ நீதான் ஜெயிச்சிருக்கே" என்றாராம். குறைத்து அடிப்பவர்தான் ஜெயிப்பார் என்று இவள் விளக்கியிருக்கிறாள். "இதென்ன ஆட்டம், கஞ்சனுக்குள்ள ஆட்டம்லா" என்று அவர் சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டாராம்.

அந்த நூற்றுப் பன்னிரண்டு மாதாமாதம் குறைந்தது. ஆண்டுக் கடைசியில் பெண்களுக்கான போட்டி நடந்தது. பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் ஆட வந்திருந்தார்கள். முதல் இருவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். கடைசிக்கு முந்தைய குழிக்கு வந்தபோது செல்வி ஓர் அடி முன்னால் இருந்தாள். கணக்கைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது ஃபெர்னாண்டோ சாரின் பழக்கம். ஆனால் அன்று பலகையில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்தக் குழியின் முதல் அடி. பந்து நன்றாகத்தான் எழும்பியது. பிறகு வலப்பக்கம் வளைந்து, வரிசையில் நின்ற பனை ஒன்றின் உச்சிக்குள் நுழைந்தது. ஓலைகள் சலசலத்தன. பந்து கீழே விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. இப்படி நேரும்போது, பிறகு திரும்பி நடந்து வராமலிருக்க, இன்னொரு பந்தைத் தற்காலிகமாக அடித்து வைத்துக்கொள்ள விதி உண்டு. செல்வி அடிக்கவில்லை. பந்து எந்த மரத்தில் இருக்கிறது என்றுதான் எல்லோருக்கும் தெரியுமே என்று நினைத்திருக்கிறாள்.

அவள் மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்த கணத்தில் கடிகாரத்தை ஓடவிட்டேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கூடிவிட்டார்கள். மரத்தைத் தாண்டிக் கால்வாயில் விழுந்த சத்தம் கேட்டதாக ஒருவர் சொன்னார். அதெல்லாம் இல்லை, மேலேதான் இருக்கிறது என்றார் இன்னொருவர். அண்ணாச்சி தன் போனைத் தூக்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்தா தெரியுது பாருங்க. ஒண்ணு இல்ல, ரெண்டு கிடக்கு" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். பனைமட்டை இடுக்குகளில் இரண்டு வெள்ளைப் பந்துகள். குறி எதுவும் தெரியவில்லை. ஒவ்வொருவரும் தம் பந்தில் ஓர் அடையாளம் போட்டிருப்பார்கள். செல்வியுடையது நீலக் கோடு.

விதி இதுதான். மூன்று நிமிடத்துக்குள் பந்து கிடைக்க வேண்டும். அதற்குள் ஒரு பந்து கண்ணில் பட்டு, அது யாருடையது என்று தெரியாவிட்டால், அதை அடையாளம் காண நியாயமான நேரம் கொடுக்கலாம். அவளுடையதுதான் என்று உறுதியானால் ஒரு தண்ட அடியோடு மரத்தடியிலேயே பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடரலாம். இல்லையென்றால் பந்து தொலைந்ததாகக் கணக்கு. தண்ட அடியும் ஏறும், முதலில் அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்கவும் வேண்டும்.

"இந்த ரெண்டு பந்தையும் யாருதுன்னு பாக்க நேரம் தாரேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். மூன்று நிமிடம் முடிந்தது. அதையும் சொன்னேன்.

மோட்டார் அறையைப் பார்த்துக்கொள்ளும் முருகேசன் உடன்குடிப் பக்கத்துக்காரர்; பனை ஏறத் தெரிந்தவர். கயிற்றை வளையமாகக் கட்டிக் காலில் மாட்டிக்கொண்டு ஏறினார்.

"எடுக்காண்டாம் முருகேசா. குறியை மட்டும் பாத்துச் சொல்லு" என்றேன்.

"யக்கா, முதல் பந்துல சிவப்புப் புள்ளி."

அது செல்வியுடையதல்ல.

"ரெண்டாவதுல குறியே இல்ல. பாசி புடிச்ச பழைய பந்து."

முருகேசன் கயிற்றை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளி, மட்டைகளுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"யக்கா, உள்ள இன்னொண்ணு கிடக்கு. நீலக் கோடு. செல்வி பந்துதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். செல்வி முகமெல்லாம் சிரிப்பாக, மரத்தடியில் பந்தைப் போட வேண்டிய இடத்தைத் தன் மட்டையால் அளக்கவே ஆரம்பித்துவிட்டாள். நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தேன். அவளைப் போட்டியில் சேர்க்கக் குழுவில் போராடியவள் நான். அவள் ஜெயிக்க வேண்டும் என்று அங்கே நின்றவர்களில் என்னைவிட யாரும் ஆசைப்பட்டிருக்க மாட்டார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் அருகே போனேன்.

"செல்வி, அது உன் பந்துதான். ஆனா விதிப்படி தொலைஞ்ச பந்து."

"கிடைச்சிட்டேக்கா. முருகேசண்ணன் பாத்துச் சொல்லுதாங்கள்லா?"

"மூணு நிமிஷத்துக்குள்ள நாம கண்டது ரெண்டு பந்து. அந்த ரெண்டும் உன்னுது இல்ல. இதை நேரம் முடிஞ்ச பொறவுதான் கண்டோம்."

"பொறவு எதுக்கு மரத்துல ஏற விட்டீய?"

"கண்ட ரெண்டும் யாருதுன்னு பாக்க."

அவளுடன் ஆடிய டாக்டரம்மா நடுவில் வந்தார். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல மேடம். அவங்க அங்கனயே போட்டு ஆடட்டும்" என்றார். அவரும் முன்னணியில் இருப்பவர். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாலும் விதியை விட முடியாது டாக்டர். இங்க இல்லாத மத்தவங்களும் இதே போட்டியில ஆடுதாங்க."

செல்வி என்னையே பார்த்தாள். "நீங்களே இப்படிச் சொல்லுதீயளேக்கா" என்றாள். மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள். அந்த நீண்ட வெளியில் அவள் தனியாக நடந்து போனதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலைக்காலத்திலேயே கஷ்டமான காரியமாக இருந்தது.

அடிக்கும் இடத்தில் வேறொரு பந்தை வைத்தாள். பிறகு அடித்தாள். பந்து நடுவில் நேராக வந்து விழுந்தது. அது அவளுக்கு மூன்றாவது அடி. குழியில் போட்டு முடித்ததும் அட்டை எழுதிய டாக்டரம்மா எத்தனை என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆறு" என்றாள் செல்வி, கேள்வி முடியும் முன்னாலேயே. அண்ணாச்சி என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

ஓர் அடி வித்தியாசத்தில் அவள் மூன்றாவதாக வந்தாள். மாநிலப் போட்டிக்குப் போக முடியவில்லை. "அவளுக்கு வழி காட்டுன நீங்களே தட்டிவிட்டீய" என்று பணியாளர்களில் இருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். நான் வராந்தாவுக்கு வந்தேன். அன்று விருந்தினராக வந்திருந்த ஃபெர்னாண்டோ சார் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"நேரத்துக்குள்ள எத்தனை பந்து கண்டீங்க?"

"ரெண்டு சார்."

"அவ பந்து?"

"மூணாவது."

அவர், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, எனக்கும் ஒரு தட்டு கொண்டுவரச் சொன்னார். அவரிடம் அதற்குமேல் பாராட்டு எதிர்பார்க்கக் கூடாது.

பரிசளிப்பு முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில் அண்ணாச்சி செல்வியிடம் போனார். நான் கேட்கும் தூரத்தில்தான் நின்றேன்.

"எம்மா, திங்கக்கிழமை நான் வந்தா உங்ககூட ஆட விடுவீங்களா? என் அட்டையை நீ எழுது. உன் அட்டையை நான் எழுதுதேன்."

அழுது முடித்த முகத்தோடு இருந்தவள், "உங்க ஆட்டத்துக்கு ஒரு அட்டை பத்தாதே அண்ணாச்சி" என்றாள். முதலில் சிரித்தவர் அண்ணாச்சிதான். அடுத்த கூட்டத்தில், பணியாளர்கள் ஆடும் ஏற்பாட்டை நிரந்தரமாக்க வேண்டும் என்று எழுந்து சொன்னவரும் அவர்தான்.

என்னிடம் மட்டும் செல்வி பேசவில்லை. கேட்டால் பதில் சொல்வாள், தானாக வாய் திறக்க மாட்டாள். தை பிறந்து, கால்வாயில் தண்ணீர் குறைந்திருந்த ஒரு மத்தியானம் அலுவலகத்துக்குள் வந்து நின்றாள்.

"அந்த விதி எங்கன இருக்குன்னு காட்டுங்க."

புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை அவள் எழுத்துக்கூட்டி வாசிக்க, நான் தமிழில் சொன்னேன். மறுபடியும் வாசித்தாள். விரலை ஒரு சொல்லின்மேல் வைத்து, "'கண்ட பந்து'ன்னுதான் போட்டிருக்கு" என்றாள்.

"ஆமா."

"நான் ரெண்டாவது பந்து அடிச்சு வச்சிருக்கணும்."

"ஆமா."

"இந்த விதிப் பரீட்சையை நான் எழுதலாமாக்கா?"

மறு ஆண்டு அவள் மாநிலப் போட்டிக்கு ஆடப் போனாள். நடுவில்தான் வந்தாள், ஆனால் போனாள். நடுவர் பரீட்சையில் முதல் முறை தேறவில்லை. இரண்டாம் முறை தேறினாள். நான் ஓய்வுபெற்றதும் என் நாற்காலியில் அவளை உட்கார வைத்தார்கள். இப்போது வெளியூர்ப் போட்டிகளுக்கும் நடுவராகக் கூப்பிடுகிறார்கள்.

போன வாரம் மலைமேல் ஒரு மைதானத்திலிருந்து போன் செய்தாள். பின்னால் காற்றுச் சத்தம் பலமாக இருந்தது.

"யக்கா, இங்கன ஒருத்தர் அடிச்ச பந்து, தூங்குற நாய்மேல சாஞ்சு கிடந்துச்சு."

எனக்கு உடனே மனதுக்குள் புத்தகம் புரள ஆரம்பித்துவிட்டது. "நீ என்ன சொன்னே?" என்றேன்.

"நாயை எழுப்பிவிடச் சொன்னேன். அது எந்திரிக்கையில பந்து நகந்துட்டு. முன்னால இருந்த இடத்துலயே வைக்கச் சொல்லிட்டேன். தண்டம் கிடையாது."

"ஆடுனவரு ஒத்துக்கிட்டாரா?"

"அவரு ஒத்துக்கிட்டாரு. நாய்தான் ஒத்துக்கல. குழி வரைக்கும் குலைச்சிக்கிட்டே எங்ககூட வந்துச்சு."

தீர்ப்பு சரியா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்து, சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கவில்லை. பதினோராம் குழியில் கூப்பிடுகிறார்கள், பிறகு பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.